செராமிக் பார்பிக்யூ அடுப்புக்கு நல்ல கட்டிக்கரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கட்டிக்கரியில், அதாவது விறகை அப்படியே கரியாக்கிய துண்டுகளில், எந்த பிராண்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அடுப்புக்கே பெரிய தொகை கொடுத்திருப்பீர்கள், இப்போது கடையில் கரிப்பைகளுக்கு முன்னால் நின்று குழம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போடும் குடும்பத்தில் பிறந்தவன். இப்போது அமெரிக்காவில் டெக்சாஸின் ஹூஸ்டனில் இருக்கிறேன், கொல்லையில் உங்களுடையது மாதிரி செராமிக் அடுப்பு இருக்கிறது. பிராண்ட் பெயர் சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனியின் கரிகூட பைக்குப் பை மாறும்.

செராமிக் அடுப்பில் காற்று கீழே நுழைந்து, கரிக்கு ஊடாக ஏறி, மேலே வெளியேறுகிறது. சாம்பலும் தூளும் அடித்தட்டின் துளைகளை அடைத்தால் தீ அமுங்கிவிடும். 110 டிகிரி செல்சியஸில் பன்னிரண்டு மணி நேரம் இறைச்சி வேகவேண்டும் என்றால் இது சின்ன விஷயமில்லை. அச்சில் அழுத்திய பிரிக்கெட் கரியில் மாவுப்பசை இருக்கும், சிலவற்றில் நிலக்கரித்தூளும் சுண்ணாம்புக்கல்லும்கூட. அதனால் கட்டிக்கரியைவிடச் சாம்பல் அதிகம். பிரிக்கெட்டிலேயே பிரமாதமாகச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள், சண்டைக்கு வராதீர்கள். நான் சொல்வது இந்த அடுப்புக்கு மட்டும்.

எங்கள் ஊரில் சீமைக்கருவேல விறகை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு, மேலே ஈரமண் பூசித் தீ வைப்போம். அப்பா இரவெல்லாம் மூட்டத்தைச் சுற்றி வருவார். முதலில் வெள்ளையாகத் திரண்டு வரும் புகை, விறகிலுள்ள தண்ணீர். அது மெலிந்து நீலம் தட்டினால் கரி வெந்துவிட்டது என்று மூட்டத்தின் காற்றுத் துளைகளை அடைப்பார். அவசரப்பட்டுப் பிரித்தால் உள்ளே வேகாத கட்டை நிற்கும். பிரித்ததும் ஒரு துண்டை இரண்டாக உடைத்து என் கையில் வைப்பார். உடைந்த முகம் கருப்புக் கண்ணாடிபோல மினுங்கினால் நல்ல கரி. நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தால் அதைத் தனியாக ஒதுக்குவார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். சின்னப் பையாக ஒன்று வாங்கி ஒரு துண்டை உடையுங்கள். பழுப்பு தெரிந்தால் அந்தக் கரி அடுப்பில் புகையைக் கக்கும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும், மொத்து மொத்தென்றால் நெருப்பு நிற்காது. கைமுட்டி அளவுத் துண்டுகள் நிறைய இருக்கட்டும், நடுத்தரம் கொஞ்சம் கலந்திருந்தால் நல்லது. பையடியில் தூள் குவிந்திருந்தால் அடுத்த முறை அந்தப் பக்கம் போகாதீர்கள். எல்லாத் துண்டும் சதுரமாக, பலகை வெட்டியதுபோல இருந்தால் அது மர ஆலைக் கழிவு. கெடுதல் என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்குக் கிளையின் உருவம் தெரியவேண்டும்.

தூள் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். எங்களிடம் கரி எடுத்த புரோக்கர் மூட்டையை ஓங்கித் தரையில் போடுவார். உதிர்ந்த தூளுக்கு எடை கழிப்பார், ஈரம் என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார். அப்பா பேசாமல் நிற்பார். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, மரத்தைத் திட்டாத ஆளில்லை. கண்மாயை அது அடைத்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் மழை பொய்த்த வருடங்களில் எங்கள் பக்கம் உலை வைத்தது அந்த மரம்தான். அதை வெட்டினால் கரிமூட்டக்காரன் எதைச் செய்து பிழைப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, மரம் எது என்பதற்கு வருகிறேன். இங்கே டெக்சாஸில் கிடைக்கும் மெஸ்கீட் கரி நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். சூடு பலமாக இருக்கும், பொறியும் தெறிக்கும். மூடியைச் சட்டென்று திறக்காமல், இரண்டு விரல்கடை தூக்கி நிறுத்தி, காற்று உள்ளே போனபிறகு திறங்கள். நெடுநேரச் சமையலுக்கு ஓக் மரக்கரி நிதானமானது. தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ மரக்கரி பற்றத் தாமதமாகும், பற்றினால் நெடுநேரம் நிற்கும். முதல் பைக்கு ஓக் வாங்குங்கள்.

பற்றவைக்க லைட்டர் திரவம் வேண்டவே வேண்டாம். செராமிக் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்தடுத்த சமையலிலும் வாடை கொடுக்கும். மெழுகும் மரத்தூளும் சேர்ந்த கட்டி ஒன்று போதும். பிரித்த பையை மூடியுள்ள வாளியில் கொட்டி வையுங்கள், கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.