எலும்பு உடையவில்லை, கணுக்கால் மட்டும் ஆறவில்லை

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. தைப்பூசக் காவடியன்று இங்கே மொரீஷியஸில் காத்ர் போர்ன் மலைக்கோவில் படியில் இறங்கும்போது இடது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்-ரே எடுத்து எலும்பு உடையவில்லை என்றார்கள். ஏழு வாரமாகியும் மாலையானால் வீங்குகிறது. மேடுபள்ளத்தில் கால் மறுபடி மடங்கப் பார்க்கிறது. நானாகவே கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். எலும்பு முறிந்தவர்களே ஆறு வாரத்தில் நடக்கும்போது எனக்கு மட்டும் ஏன் இப்படி?
வாசகி, ரோஸ் ஹில்

பதில்: அடிபட்டது எலும்பு இல்லை, லிகமென்ட். எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் கயிறு அது. (தசையை எலும்போடு இணைப்பது டென்டன். நாம் இரண்டையும் சேர்த்து 'நரம்பு பிசகிவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம்.) பாதம் உள்பக்கம் மடங்கினால், வெளிக்கணுவிலிருந்து டேலஸ் (கணுக்கால் மூட்டின் அடிப்பக்க எலும்பு) என்ற எலும்புக்கு முன்னோக்கிப் போகும் லிகமென்ட்தான் பெரும்பாலும் முதலில் கிழியும்.

கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, வினிகரில் சில நாள் ஊறவையுங்கள். சுண்ணாம்பு (கால்சியம்) கரைந்து, எலும்பு ரப்பர் மாதிரி வளையும். மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழை. லிகமென்டும் முக்கியமாக அந்த இழையால் ஆனதுதான், ஆனால் சுண்ணாம்பு கிடையாது. எக்ஸ்-ரே சுண்ணாம்பைத்தான் காட்டும். அதனால் உங்கள் படத்தில் கிழிசல் தெரியவில்லை. கால்சியம் மாத்திரையாலும் பயனில்லை. மருத்துவர் எழுதித் தராததென்றால் நிறுத்திவிடலாம். கொலாஜன் இழை உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும், அதற்கு தினம் ஒரு கொய்யா போதும்.

எலும்புக்குள் ரத்த ஓட்டம் தாராளம். முறிந்த இடத்தில் புது எலும்பே வளர்ந்துவிடும். லிகமென்டுக்கு ரத்தம் குறைவு. கிழிந்த இடத்தை முதலில் தழும்புத் திசுதான் அடைக்கும். அதன் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். அவை இழுவிசையின் திசைக்கு ஏற்ப வரிசைப்பட மாதக்கணக்காகும், ஓராண்டுகூட ஆகலாம். இழுவையே கொடுக்காமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தால் தழும்பு பலப்படாது.

கால் மடங்கப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பு முனைகள் லிகமென்டுக்குள் இருக்கின்றன. அவையும் சேதப்பட்டிருக்கும். செய்தி தாமதமாகப் போவதால், பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசை நேரத்துக்கு வேலை செய்வதில்லை.

இதற்கு மருந்து பயிற்சிதான். சமையல் மேடையை ஒரு கையால் பிடித்தபடி இடது காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். மூன்று முறை, தினமும். சுலபமானதும் கையை எடுங்கள், பிறகு கண்ணை மூடுங்கள். குதிகாலைத் தூக்கி இறக்குவது 15 தடவை, மூன்று சுற்று. ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் தள்ளுவதும் அதே கணக்கு. லேசான வலி பரவாயில்லை; மறுநாள் வீக்கம் கூடினால் அளவைப் பாதியாக்குங்கள். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். வலி போனதும் நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் மறுபடி மடங்குகிறது. கரடுமுரடான பாதையில் கணுக்கால் பட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் மூட்டின் ஆழத்தில் வலித்தாலோ, நடக்கையில் பூட்டிக்கொண்டாலோ, டேலஸின் குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சு வாங்கினால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.