டிரெய்லர் விளக்கு: பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, மாங்காய் சீசனில் ராத்திரி நேரத்தில் கூழ் ஆலைக்கு டிராக்டரில் லோடு அடிக்கிறேன். பகலில் சோதித்துப் பார்த்தபோது, இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரின் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர்கள் மங்கலாக எரிகின்றன. டிராக்டரில் ஒரு குறையும் இல்லை. மூன்று தடவை பல்பு மாற்றியாயிற்று. ஒயரிங் முழுவதையும் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: போடாதீர்கள் தம்பி. போடுவது ஒரு விளக்கு, எரிவது இன்னொரு விளக்கு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தைத்தான்.

பல்புக்குள் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கிற ஏழு பின் சாக்கெட்டில் 3 என்று எண் போட்ட பின்னில் வருகிற வெள்ளை ஒயர்தான் அந்தத் திரும்பும் வழி, அதாவது எர்த். அது விட்டுப்போனால் கரண்ட் பக்கத்து பல்பின் இழைக்குள் தலைகீழாக ஏறி, டெயில் லைட் ஒயர் வழியே டிராக்டருக்கு வந்து, அங்கே இருக்கிற பல்பு மூலமாக எர்த்தைப் பிடித்துக்கொள்ளும். இண்டிகேட்டருக்கு டெயில் லைட் மினுக்குவது அதனால்தான். ஒன்று சொல்ல வேண்டும்: நம் ஊரில் கையில் கிடைத்த நிறத்தில் ஒயர் போட்டிருப்பார்கள். நிறத்தை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

சோதிப்பது சுலபம். நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, டிராக்டர் பேட்டரியின் மைனஸிலிருந்து டிரெய்லர் சேஸில் (இரும்பு அடிச்சட்டத்தில்) பெயிண்ட் சுரண்டிய இடத்துக்குக் கொடுங்கள். விளக்குகள் உடனே ஒழுங்காகிவிட்டால் பழுது எர்த்தில்தான். ஒழுங்காகவில்லை என்றால் விளக்குக்கும் சேஸுக்கும் நடுவில் பாருங்கள். பெரும்பாலும் லைட்டைப் பிடித்திருக்கும் போல்ட் துருவேறியிருக்கும்.

போன சீசனில் இதே குறையோடு ஒரு டிரெய்லர் என் பட்டறைக்கு வந்தது. பிளக்கைக் கழற்றினால் உள்ளே சேற்றுத் தண்ணீர், திருகெல்லாம் பச்சைக் களிம்பு. வெள்ளை ஒயரில் இரண்டே இரண்டு கம்பி இழைதான் திருகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது! கொண்டுவந்தவரும் அதைப் பார்த்துத்தான் ஏமாந்திருந்தார். மீட்டருக்குத் துளிக் கரண்ட் போதும். 21 வாட் பிரேக் பல்பு ஒன்றுக்கே கிட்டத்தட்ட 2 ஆம்பியர் வேண்டும். களிம்பேறிய இரண்டு கம்பி இழையில் அது எப்படி வரும்? அதனால் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் கட்டிச் சோதியுங்கள். பளிச்சென்று எரிந்தால் அந்த வழி சரி.

ஒயரைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, முனையில் மாட்டுகிற உலோகக் காதான லக்கைப் புதிதாகப் போடுங்கள். சேஸை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். முன்னால் தடவக் கூடாது. இழுவைக் கொக்கியும் பின்னும் இரும்புதானே, எர்த் தானாக வந்துவிடும் என்று பலர் வெள்ளை ஒயரையே விட்டுவிடுகிறார்கள். கொக்கியில் கிரீஸ், துரு, பெயிண்ட் எல்லாம் இருக்கும். வண்டி குலுங்கும்போது அந்தத் தொடர்பு விட்டு விட்டு வரும்.

அப்புறம், மூன்று தடவை மாற்றிய அந்த பல்புகளையும் ஒரு தடவை பாருங்கள். டெயிலும் பிரேக்கும் சேர்ந்த இரட்டை இழை பல்பில் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. அழுத்தித் திணித்து மாற்றிப் போட்டால் டெயில் லைட் பிரேக் போலவும் பிரேக் டெயில் போலவும் எரியும்.

கிருஷ்ணகிரி–தர்மபுரி நெடுஞ்சாலையில் ராத்திரி உங்களுக்குப் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு லோடு டிரெய்லர் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். சரிசெய்யும்வரை பகலிலேயே ஓட்டுங்கள், தம்பி. பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு மூலையிலும் இருக்கட்டும்.

கேள்வி: அஞ்செட்டி மலைப்பாதையில் டிப்பர் டிரெய்லர் குலுங்கும்போதெல்லாம் டெயில் லைட் ஃபியூஸ் போகிறது. செம்புக் கம்பி சுற்றலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: கூடவே கூடாது. ஃபியூஸ் போகாவிட்டால் ஒயர் எரியும். எங்கோ ஒயர் தோல் உரிந்து இரும்பில் உரசுகிறது. டெயில் பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பை மாட்டி லைட் ஸ்விட்சைப் போடுங்கள். பிறகு ஒயரை முன்னாலிருந்து பின்னாலாக ஆட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் ஆட்டும்போது பல்பு பளிச்சென்று எரிகிறதோ அங்கேதான் உரசல். சேஸ் துளைகளையும், தொட்டி தூக்கும்போது ஒயர் நசுங்குகிற கீல் பக்கத்தையும் முதலில் பாருங்கள். துளையில் ரப்பர் வளையம் போட்டு, ஒயரை பிவிசி ஹோஸுக்குள் விட்டு, தொட்டி முழுதாகத் தூக்கியிருக்கும்போதும் இழுபடாத அளவு தொய்வு விட்டுக் கட்டுங்கள்.