வாசகர் கேள்வி – பதில்: இரும்புக் கடையில் ஒரு பிரென் கரியர்

கேள்வி: எங்கள் குடும்பத்தின் பழைய இரும்புக் கடையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சங்கிலி வாகனமொன்றின் உடல் நெடுங்காலமாகக் கிடக்கிறது. பிரென் கரியர் என்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது இதுவும் இங்கே நின்றதாகப் பாட்டனார் சொல்வார். எஞ்சின் இல்லாததால் ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றலாம் என்கிறார் கராஜ்காரர். அக்காலத்துப் பாகங்களைக் கொண்டே சீரமைக்க முடியுமா?
– வாசகர் ஒருவர், பாலையூற்று

பதில்: முடியும். ஆனால் எந்தக் காலம் என்பதை வாகனமே சொல்ல வேண்டும். முதலில், ஒரு பக்கத்தில் வாகனத்தின் பாரத்தைத் தாங்கும் சில்லுகள் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது பிரித்தானியாவிலும் கனடா முதலிய நாடுகளிலும் செய்யப்பட்ட யுனிவர்சல் கரியர்; பிரென் கரியர் என்று பொதுவில் அழைக்கப்படுவது இதுவே. நான்கு இருந்தால் அமெரிக்காவில் செய்த டி-16 ஆகவோ லொயிட் கரியராகவோ இருக்கலாம். டி-16 என்றால் பாட்டனாரின் கதையைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும், ஏனெனில் அது 1943 இல்தான் உற்பத்திக்கு வந்தது. யுனிவர்சல் கரியரை வட்டச் சுக்கானால் திருப்புவார்கள்: சிறிது திருப்பினால் முன்சில்லுத் தொகுதி பக்கவாட்டில் நகர்ந்து சங்கிலியையே வளைக்கும், மேலும் திருப்பினால் ஒரு பக்கச் சங்கிலிக்குப் பிரேக் விழும். இந்த நகரும் அச்சு துருவேறி இறுகியிருந்தால் எஞ்சினைத் தேடுவதற்கு முன் அதை விடுவியுங்கள்.

டீசல் எஞ்சின் யோசனையை நான் ஏற்கவில்லை. எஞ்சின் இருக்கும் இடம் உடலின் நடுவே ஒடுங்கியது. உயரமான டீசல் எஞ்சினுக்காகக் கவசத் தகட்டை வெட்டினால் பிறகு எந்தப் பாகமும் அதைச் சரியாக்காது. மூல எஞ்சின் ஃபோர்ட் வி-8, 3.9 லீற்றர், 85 குதிரைவலு. அதே குடும்பத்து எஞ்சின்கள் அக்காலக் கார்களிலும் லொறிகளிலும் இருந்ததால், மொத்த வாகனத்திலும் ஓரளவு எளிதாகத் தேடிப் பிடிக்கக்கூடிய பெரிய பாகம் இதுதான். அதன் குறை வெப்பம். புகை, எஞ்சின் கட்டையினூடே சென்றே வெளியேறுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது உங்களைப் படுத்தும். இரண்டு நீர்ப் பம்புகளையும் புதுப்பித்து, நீர்ப்பாதையில் படிந்த துருச் சேற்றை முற்றாகச் சுரண்டி எடுத்த பின்னரே அதை ஓட விடுங்கள்.

சில்லுகளைச் சுற்றியுள்ள இறப்பர் இப்போது கல்லாக இறுகி வெடித்திருக்கும். அதற்காக வெளிநாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. திண்ம இறப்பர் ரயர் உற்பத்தியில் இலங்கை உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. மூலச் சில்லின் இரும்பைக் கொடுத்து, பழைய அகலமும் தடிப்பும் குறையாமல் புதிய இறப்பரை ஒட்டித் தரச் சொல்லலாம். சங்கிலிக் கண்ணிகளோ வார்ப்பிரும்பு; உடைந்ததைப் பற்றவைக்காதீர்கள், மாற்றுங்கள். காலத்துக்கு ஏற்ற பாகம் என்ற பெயரில் பழைய பிரேக் லைனிங்கைத் தேடிப் பொருத்துவதும் வேண்டாம்; அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். இந்த ஒன்றில் மட்டும் நான் வரலாற்றுக்குத் துரோகி.

நிறத்தை அறிய, மறைவான ஓரிடத்தில் நீர் விட்டு மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேயுங்கள். மரத்தின் வளையங்களைப்போல ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வளையமாகத் தெரியும். இரும்பை ஒட்டிய அடிப்பூச்சு இருந்தால் அதை விட்டு, அதற்கடுத்த வளையமே முதல் நிறம். ஈயம் கலந்த பூச்சாக இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. உள்ளே தோட்டா போன்ற எதைக் கண்டாலும் தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

கேள்வி: நானும் இவ்வாறான ஒரு வாகனத்தைக் கழற்றி வருகிறேன். கடையில் வாங்கிய நட்டுகள் சில போல்ட்டுகளில் ஏறுகின்றன, சிலவற்றில் பாதியிலேயே இறுகுகின்றன. ஏன்?
– வாசகர், உப்புவெளி

பதில்: உங்கள் வாகனத்தில் இரண்டு வகை மரைகள், அதாவது போல்ட்டிலும் நட்டிலும் வெட்டிய திருகுப் பற்கள், கலந்திருக்கின்றன. பிரித்தானிய உடலில் விற்வேர்த் வகை மரை, பல்லின் கோணம் 55 பாகை. ஃபோர்ட் எஞ்சினில் அமெரிக்க மரை, கோணம் 60 பாகை. அரை அங்குலப் போல்ட்டில் அங்குலத்துக்கு விற்வேர்த்தில் 12 பல், அமெரிக்கப் பெருமரையில் 13. அதனால்தான் நட்டு கையால் இரண்டு மூன்று சுற்று இலகுவாகப் போய், பிறகு பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஸ்பானரைப் போட்டு இழுத்தால் இரண்டு மரையும் போய்விடும். கடையில் நீங்கள் வாங்கியவற்றுள் மில்லிமீற்றர் நட்டும் கலந்திருக்கலாம். அது இரண்டுக்கும் சேராது. மரை அளவுகோல் ஒன்றை வாங்குங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தின் பெயர் எழுதிய தனிப் பையில் போடுங்கள். குறைவதை லேத்துப் பட்டறையில் கடையும்போது மரையை மட்டுமன்றித் தலையின் அளவையும் பழைய போல்ட்டைப் பார்த்தே எடுக்கச் சொல்லுங்கள். விற்வேர்த் ஸ்பானர் பெரும்பாலும் வேறு வகைத் தலைகளில் சரியாக உட்காராது.