புழுவுக்கும் ஒரு செடி

கேள்வி: மாடியில் செம்பருத்தி, இட்லிப்பூ, கறிவேப்பிலை எல்லாம் தொட்டியில் வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலிலும் பூ குறையவில்லை. தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் தினமும் வருகின்றன. ஆனால் கறிவேப்பிலையை ஒரு பச்சைப் புழு மொட்டையடிக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வேறு. மருந்து அடிக்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: மருந்து வேண்டாம் அம்மா. அந்தப் பச்சைப் புழு நீங்கள் ரசிக்கிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைதான். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வகைகளும் எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலைத் தளிர்களைத் தேடி வந்து முட்டையிடும். பொரித்த புதிதில் புழு, பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும். வளர்ந்தபின் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். ஒரு ஈர்க்குச்சியால் முதுகை லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்று சட்டென்று நீளும். காட்டமான வாடையும் கிளம்பும். எறும்பையும் குளவியையும் விரட்ட அதனிடம் இருக்கிற ஆயுதம் அது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கறிவேப்பிலை எப்படியும் மறுபடி தளிர்க்கும். தொட்டிச் செடி சின்னது என்றால் இன்னொரு கன்று வாங்கி வையுங்கள். என் வீட்டில் ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு.

மாவுப்பூச்சிக்கு, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். ஒட்டியிருப்பதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். எறும்பு ஏறும் வழியையும் அடைத்துவிடுங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புதான் அதற்குக் காவல் நிற்கிறது.

அப்புறம், தேன்சிட்டு. தேன் குடிக்கிற பறவைதானே, மருந்து என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் சிலந்தியும் சின்னப் பூச்சிகளும். கூட்டைப் பிணைப்பதும் சிலந்தி நூலால்தான். அதனால் மாடி மூலையில் ஒட்டடையைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் செம்பருத்தி பக்கம் நின்று கவனியுங்கள். விரிந்த பூவின் முன்பக்கமாக அலகு தேனுக்கு எட்டாதபோது, தேன்சிட்டு பூவின் அடிப்பக்கம் போய்க் காம்போரத்தில் துளையிட்டு உறிஞ்சும். உதிர்ந்த பூவை எடுத்துப் பார்த்தால் அந்தத் துளை தெரியும்.

கொடிக்கயிற்றிலோ கம்பியிலோ கூடு தொங்கினால் ஒரு மாதம் துணியை வேறு இடத்தில் காயப்போடுங்கள். முட்டையிட்டுக் குஞ்சு பறந்துபோக ஏறக்குறைய அவ்வளவு நாளாகும்.

கேள்வி: பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வெறும் தண்ணீரே போதும். அகலமான மண்தட்டில் இரண்டு மூன்று கூழாங்கல் போட்டு நிழலில் வையுங்கள். தேனீ கல்லில் உட்கார்ந்து குடிக்கும். தினமும் தண்ணீரை மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். விட்டுவிட்டால் கொசுதான் பெருகும்.