பக்கத்து நாற்காலியில் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வெளிநாட்டுப் பரிமாற்றப் படிப்புக்கு மாணவர்களை அனுப்பும் பொறுப்பும் மூன்று வருடமாக என் தலையில்தான். ஒரு செமஸ்டர் போய்விட்டு வருகிறார்கள். வந்ததும் அறிக்கை எழுதித் தர வேண்டும். எல்லா அறிக்கையும் ஒரே அச்சு: மக்கள் அன்பானவர்கள், நேரம் தவறாதவர்கள், என் பார்வை விரிந்தது. யாரோடு பழகினாய் என்று கேட்டால் சொந்த நாட்டு நண்பர்களின் பெயரைத்தான் சொல்கிறார்கள். போன வருடம் ஒரு பெண்ணுக்கு அங்கே படித்த இரண்டு பாடங்களுக்கு இங்கே கிரெடிட் கிடைக்கவில்லை, மறுபடி பரீட்சை எழுதினாள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று ஏதாவது உண்மையில் நடக்கிறதா? நடக்க வைக்க என்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் விவரமாகவே எழுதுங்கள்.

ஒரு கல்லூரி ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நட்பு, கிரெடிட் என்று இரண்டு குறைகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே இடத்தில் முளைப்பவை. வகுப்பில் பக்கத்து நாற்காலியில் யார் உட்காரப்போகிறார் என்பது, விமானம் ஏறுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பாடத் தேர்வுப் படிவத்தில் முடிவாகிவிடுகிறது. கிரெடிட் போய்விடுமோ என்ற பயத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே நடத்தப்படும் ஆங்கிலவழிப் பாடங்களாகப் பார்த்து ஐந்தையும் எடுத்துவிடுகிறார்கள். அந்த வகுப்பில் உள்ளூர் மாணவர் ஒருவரும் இருக்க மாட்டார். தங்குமிடமும் பரிமாற்ற மாணவர் கட்டடம். பதினைந்து வாரம் இருந்தும் அந்த நாட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு வேலையும் செய்ய வாய்க்கவில்லை என்றால் அறிக்கையில் வேறு என்னதான் எழுதுவார்கள், பாவம்.

அங்கே போய் இருந்தாலே பண்பாடு ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. அப்படி ஒட்டாது என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே எழுதிவிட்டார். இரண்டு கூட்டத்தார் சந்தித்துக்கொள்வதால் மட்டும் மனத்திலுள்ள முன்முடிவுகள் கரைவதில்லை. சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, அதற்காகப் போட்டியில்லாமல் சேர்ந்து உழைப்பது, மேலே இருப்பவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். இருநூறு பேர் வரிசையாக உட்கார்ந்து குறிப்பெடுக்கும் விரிவுரையை இதில் வைத்துப் பாருங்கள். அந்தஸ்து சமம்தான், ஆனால் சேர்ந்து செய்ய ஒன்றுமில்லை. அதே பல்கலைக்கழகத்தில் நாலு பேர் குழுவாகச் செய்யும் ஆய்வகப் பயிற்சி என்றால் நான்கும் பொருந்தி வருகிறது. மதிப்பெண் குழுவுக்கு, வேலை பங்கு போட்டது, மேலே ஆசிரியர்.

ஆகவே முதல் விதியாக இதை வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் ஐந்து பாடங்களில் ஒன்றாவது உள்ளூர் பட்ட மாணவர்கள் படிக்கும் குழுப் பாடமாக இருக்க வேண்டும். பாடத்தின் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சிலபஸில் மதிப்பீடு என்ற பகுதியைப் பாருங்கள். குழுத் திட்டப்பணி, ஆய்வகம், செமினார் என்று இருக்கிறதா, மொத்த மதிப்பெண்ணும் கடைசிப் பரீட்சைக்கா? எந்தப் பட்டத்தின் எத்தனையாவது வருடத்துப் பாடம், வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். முதல் வருட மாணவர்களோடு சேர்ந்தால் அவர்களும் புதியவர்கள், பழக வழி உண்டு. மூன்றாம் வருட வகுப்பில் குழுக்கள் ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும். பாடம் கொஞ்சம் எளிதாக இருந்தாலும் கீழ்வகுப்பையே தேர்ந்தெடுப்பது பல நேரம் லாபம்.

இப்போது படிவம். ஐரோப்பிய முறையில் ஒரு வருடப் படிப்பு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது மாணவர் உழைக்கும் 25 முதல் 30 மணி நேரம். ஆக ஒரு செமஸ்டர் 750 முதல் 900 மணி நேரம். வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமல்ல, வீட்டில் படிப்பதும் பரீட்சைக்குத் தயாராவதும் இதில் அடக்கம். உங்கள் கல்லூரிக் கிரெடிட் வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணுகிறது என்றால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. மணிக்கணக்குக்கு மாற்றி, அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள்.

படிவத்தில் மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி என மூன்று கையெழுத்து இருக்கும். கையெழுத்தான பிறகும் அது உடைய நாலு வழி உண்டு. பாடப்பட்டியல் போன வருடத்துடையது. அந்தப் பாடம் அடுத்த செமஸ்டரில்தான் நடக்கிறது. இரண்டு பாடம் ஒரே நேரத்தில் மோதுகின்றன. அல்லது முன்பாடம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கோ அடியில் இருக்கிறது. ஆகவே ஐந்து பாடம் வேண்டுமென்றால் எட்டுக்கு ஒப்புதல் வாங்கி அனுப்புங்கள். எந்தப் பாடம் போனால் எது அதன் இடத்துக்கு வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அங்கே போன முதல் இரண்டு வாரத்துக்குள் மாற்றம் இருந்தால் திருத்திய படிவம் உங்களுக்கு வர வேண்டும், நீங்கள் கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டும். தொலைபேசியில் “சரிம்மா, எடுத்துக்கோ” என்று துறைத்தலைவர் சொன்னது பரீட்சைப் பிரிவில் செல்லாது. உங்கள் மாணவிக்கு நடந்ததும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு பாடத்தின் வாரவாரிச் சிலபஸையும் பி.டி.எஃப்.பாக இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அந்தப் பக்கம் இணையத்தில் இருக்காது.

இந்தத் துன்பம் புதிதல்ல. சோஃபியா கொராடி என்ற இத்தாலியப் பெண் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து 1958-ல் ஊர் திரும்பியபோது அவருடைய பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை ஏற்க மறுத்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக அவர் விடாமல் வாதாடியதன் பலன்தான் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம். 1987-ல் அது தொடங்கியபோது 11 நாடுகள், 3,244 மாணவர்கள். ஒரு அலுவலகம் கிரெடிட் இல்லை என்று சொன்னதிலிருந்து பிறந்த திட்டம் அது.

மதிப்பெண்ணை மாற்றுவதில்தான் அதிகமாகக் கை சுடுகிறது. ஜெர்மனியில் 1.0 உச்சம், 5 என்றால் தோல்வி. எல்லை தாண்டிச் சுவிட்சர்லாந்துக்குள் போனால் கணக்கு தலைகீழ்: 6 உச்சம், 4 தேர்ச்சி. இத்தாலியில் முப்பதுக்குப் பதினெட்டு வாங்கினால் தேர்ச்சி. பிரிட்டனில் 70 அல்லது அதற்கு மேல் வாங்கினால் முதல் வகுப்பு, அங்கே 72 வாங்கியவர் கொண்டாடுகிறார். அதை இங்கே குமாஸ்தா ‘72 சதவீதம்’ என்று பதிந்தால் நல்ல மாணவி சுமாரான மாணவி ஆகிவிடுகிறாள். மாற்று அட்டவணையைப் புறப்படும் முன்பே எழுதி, மாணவர் கையில் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். அட்டவணை போட முடியவில்லை என்றால் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் பதிவதே நியாயம். அப்படிச் செய்தால் கடினமான உள்ளூர்ப் பாடத்தை எடுக்கவும் பயம் இருக்காது. உங்கள் இரண்டு பிரச்சினைகளும் சேரும் முடிச்சு இதுதான்.

நட்புக்கு வருகிறேன். சொந்த நாட்டவரோடு பழகுவதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். ஸ்டீபன் பாக்னரும் உடன் ஆய்ந்தவர்களும் 1977-ல் வெளிநாட்டு மாணவர்களின் நட்பை மூன்று வட்டமாகப் பிரித்துக் காட்டினார்கள். சொந்த நாட்டவர் வட்டம் மனத்துக்கு ஆறுதல், மற்ற வெளிநாட்டவர் வட்டம் பொழுதுபோக்கு, உள்ளூர் வட்டம் பெரும்பாலும் காரியத்துக்கு, அதாவது படிப்புக்கும் அலுவலக வேலைக்கும். முதல் வட்டத்தை அறுத்தால் மூன்றாவது தானாக வளராது. உள்ளூர் மாணவர்கள் விரோதிகளும் அல்லர். அவர்களுக்கு ஏற்கெனவே நண்பர்கள் இருக்கிறார்கள், வாரம் நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாரத்துக்குள் நுழைய ஒரே வழி, அவர்கள் எப்படியும் வந்து சேரும் ஒன்றில் தானும் போய் நிற்பது. பாட்டுக்குழு, விளையாட்டு அணி, மாணவர் பத்திரிகை, தன்னார்வ வேலை என்று எதுவானாலும் சரி. வாரம் இருமுறை, அதே முகங்கள், அதே இடம் என்பது முக்கியம். வரவேற்பு விருந்து, சுற்றுலா, பண்பாட்டு இரவு எல்லாம் படம் எடுக்க நன்றாயிருக்கும். சங்கங்களில் சேர்க்கை பெரும்பாலும் முதல் ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும். வங்கிக் கணக்கு, பதிவு வரிசை என்று அந்த வாரங்களை அலைந்தே கழித்தவர் செமஸ்டர் முழுக்க வெளியே நிற்கிறார். எந்தச் சங்கம் என்பதை இங்கிருந்தே முடிவு செய்து எழுதிப்போட்டுவிட்டுப் போகட்டும்.

உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கினால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். மைக்கேல் வாண்டி பெர்க் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு 61 திட்டங்களில் ஏறக்குறைய 1,300 மாணவர்களை அளந்து பார்த்தது. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கியதனால் மட்டும் பலன் கூடவில்லை. அந்தக் குடும்பத்தோடு எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம் காட்டியது. அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது, அங்கே இருக்கும்போதே பண்பாட்டு விஷயங்களைப் பேசித் தெளிய ஒரு வழிகாட்டி இருந்தவர்கள்தான் அதிகம் முன்னேறினார்கள் என்பது. ஆகவே உங்கள் நேரத்தைத் திரும்பி வந்த பிறகு எழுதும் அறிக்கையில் செலவிடாதீர்கள். அவர்கள் அங்கே இருக்கும்போது 2, 4, 7, 10, 13-ஆம் வாரங்களில் ஆளுக்கு இருபது நிமிடம் பேசுங்கள்.

எதைப் பேசுவது? “எப்படி இருக்கிறாய்” என்றால் “நன்றாயிருக்கிறேன் மேடம்” என்று முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சம்பவம், நாலு கட்டம் போட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என்ன நடந்தது, அதற்கு என்னென்ன பொருள் இருக்கலாம், எனக்கு என்ன தோன்றியது, கடைசிக் கட்டத்தில் யாரிடம் கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்பது. உதாரணத்துக்கு ஒன்று. மாணவர் கட்டுரை வரைவைக் கொடுக்கிறார். பேராசிரியர் புன்னகையோடு, “இரண்டாவது பத்தியை இன்னொரு முறை பார்க்கலாம் என்று நினைக்கிறேன்” என்கிறார். மாணவர் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு அப்படியே சமர்ப்பிக்கிறார், மதிப்பெண் விழுகிறது. முதல் கட்டத்தில் பேசிய சொற்கள் மட்டுமே வர வேண்டும், “நயவஞ்சகமாகச் சிரித்தார்” என்பது அங்கே வரக் கூடாது. இரண்டாவதில் குறைந்தது மூன்று பொருள்: உண்மையிலேயே விருப்பம்போலச் செய் என்றார், பணிவாகச் சொன்ன கட்டளை அது, பத்தி தவறு ஆனால் நேரில் சொல்லக் கூச்சம். மூன்றாவதில் மனத்தில் பட்டதைக் கொட்டலாம். நாலாவது கட்டம் வெறுமையாக இருந்தால் படிக்காமல் திருப்பி அனுப்புங்கள். உள்ளூர் மாணவர் ஒருவரிடம் கேட்டிருந்தால், “அப்படிச் சொன்னால் கண்டிப்பாக மாற்று என்று அர்த்தம்” என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். அந்த அரை நிமிடம் வரவேற்பு விருந்தில் கிடைக்காதது. இரண்டு பேரைக் கேட்டு இரண்டு விதமான பதில் வந்தால் இன்னும் நல்லது. ‘அந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான்’ என்ற வரி அறிக்கையில் வராது.

முதலில் தேனிலவு, நடுவில் சோர்வு, பிறகு தெளிவு என்று ஒரு வளைவை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் வரைகிறார்கள். அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்கள் இருநூறு பேரிடம் பேட்டி எடுத்து லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர் 1955-ல் வரைந்தது அது. பின்னாளில், நியூசிலாந்துக்குப் போன ஜப்பானிய மாணவர்களை வந்து இறங்கியதிலிருந்தே தொடர்ந்து பார்த்த ஆய்வில் தேனிலவையே காணோம், தொடக்கத்தில்தான் துன்பம் அதிகம். எனவே முதல் வாரமே அழுகிற பிள்ளையிடம், இப்போது நீ மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய கட்டம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மொழி பற்றிச் சுருக்கமாக. சொற்பட்டியலை விட்டுவிட்டு, குறுக்கிட, மறுக்க, மறுபடி சொல்லக் கேட்க, தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல நாற்பது வாக்கியங்களை வாய்ப்பாடமாக்கட்டும். உள்ளூர் மாணவர் ஒருவரோடு வாரம் ஒரு மணி நேரம் மொழி மாற்றிக்கொள்ளலாம். முதல் அரைமணி அவர் மொழி, அடுத்த அரைமணி இவர் மொழி, கடிகாரம் வைத்து. கடிகாரம் இல்லாவிட்டால் இருவருக்கும் எளிதான மொழி முழு நேரத்தையும் தின்றுவிடும்.

உங்கள் கடிதத்தில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. பரிமாற்றம் என்றால் அங்கிருந்தும் மாணவர்கள் வருவார்கள். அவர்கள் உங்கள் கல்லூரியில் எந்த விடுதியில் இருக்கிறார்கள், எந்தக் குழுத் திட்டப்பணியில் சேர்க்கப்படுகிறார்கள், மதிய இடைவேளையில் யாரோடு உட்காருகிறார்கள்? போய்வந்த பிள்ளைகளையே அவர்களுக்குத் துணையாகப் போடுங்கள், வந்த முதல் மூன்று வாரமும் விடாமல். அடுத்த குழு எப்போது புறப்படுகிறது என்று எழுதவில்லை. படிவம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சிலபஸ்களில் மதிப்பீடு என்ற பகுதியை மாணவர்களோடு உட்கார்ந்து இந்த வாரமே படித்துவிடுங்கள்.