நூறு பெண்கள், ஆளுக்கு நூறு டாலர்: இந்தக் கொடைக் குழு எப்படி நடக்கிறது?

நூறு பெண்கள் கூடி, ஆளுக்கு நூறு டாலரை ஒரே உள்ளூர்த் தொண்டு அமைப்புக்குக் கொடுப்பார்கள். 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஜாக்சன் நகரில் கேரன் டனிகன் என்பவர் தொடங்கிய முறை இது. ஏழைக் குடும்பங்களின் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் வாங்க, முதல் கூட்டத்திலேயே 12,800 டாலர் சேர்ந்தது.

பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், ஒரு மணி நேரம். உறுப்பினர்கள் முன்மொழிந்த உள்ளூர்த் தொண்டு அமைப்புகளில் மூன்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வாக்கெடுப்பு. வென்ற அமைப்பின் பெயருக்கே ஒவ்வொருவரும் நேரடியாகக் காசோலை எழுதுவார்கள். பணம் குழுவின் கைக்கு வராததால் வங்கிக் கணக்கோ தணிக்கையோ தேவையில்லை. இதுதான் இம்முறையின் பெரிய பலம். அமைப்பு முறையாகப் பதிவானதா என்று முன்பே பாருங்கள், இல்லாவிட்டால் கொடுப்பவருக்கு வரிவிலக்கு கிடைக்காது.

தாம் வாக்களித்தது தோற்றாலும் கொடுத்தாக வேண்டும். சேரும்போதே இதைச் சொல்லாவிட்டால் மனத்தாங்கல் நிச்சயம். வர முடியாதவர்கள், பெறுநர் பெயரை மட்டும் காலியாக விட்டுக் கையெழுத்திட்ட காசோலையைத் தோழியிடம் கொடுத்தனுப்பட்டும். பிறகு தருகிறேன் என்பவர்களிடம் வசூலிப்பது பெரும்பாடு.