தண்டம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: பார்க்கிங் இடத்துக்காக என் மகனுக்கும் (வயது 23) பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாய்த்தர்க்கம் முற்றி, அவருக்கு உதட்டில் சிறு காயம். பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டார், அடுத்த மாதம் நீதவான் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். "குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டு, ஒரே நாளில் முடியும், பேப்பரிலும் வராது" என்கிறார் எங்கள் உறவினர். மகன் வெளிநாடு போக விண்ணப்பித்திருக்கிறான். பயமாக இருக்கிறது. - ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, நீங்கள் பயப்படுவது பேப்பருக்கு. நான் பயப்படுவது உங்கள் உறவினரின் அறிவுரைக்கு.

கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் பல வருடம் நிருபராக அலைந்தவன் நான். ஒரு காலையில் எத்தனையோ பெயர்களைக் கூப்பிடுவார்கள், உதட்டுக் காயத்துக்கெல்லாம் எந்த நிருபரும் பேனாவைத் திறப்பதில்லை. பெயர் கூப்பிட்டதும் எழுந்துபோய்க் கூண்டில் நிற்க வேண்டும், குற்றச்சாட்டை வாசிப்பார்கள், கொழும்பில் அது சிங்களத்தில் நடக்கும். மகனுக்குச் சிங்களம் விளங்காவிட்டால் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், தமிழில் மொழிபெயர்த்துத் தரச்சொல்லிக் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை, அதற்குத்தான் முதலியார் (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்) அங்கே நிற்கிறார். விளங்காமலே "ஓம்" சொல்லிவிட்டு, வெளியே வந்து "நான் எதற்கு ஓம் சொன்னேன்?" என்று சட்டத்தரணியிடம் கேட்ட பையனை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த "ஓம்" தான் விஷயம். தண்டத்தைக் கட்டி ரசீதை வாங்கினால் வழக்கு முடியும், ஆனால் குற்றத்தீர்ப்பு பதிவில் இருக்கும், வீசாப் படிவத்தில் "முன்பு குற்றத்தீர்ப்பு உண்டா?" என்ற கட்டத்துக்கு மகன் என்ன எழுதுவான்? சாதாரண காயம் (தண்டனைச் சட்டக்கோவை 314) இரு தரப்பும் சமாதானமாகப் போகக்கூடிய குற்றம், அப்படிப் போனால் அது விடுதலைக்குச் சமம். 1988இன் மத்தியஸ்த சபைச் சட்டம் இப்படியான அயல்வீட்டுச் சண்டைகளுக்குத்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மசியவில்லையா, சரி, குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 306ஆம் பிரிவு இருக்கிறது: வயதையும் முன்நடத்தையையும் பார்த்து, குற்றவாளியாகத் தீர்க்காமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விட நீதவானுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் யாராவது கேட்க வேண்டுமே. ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள், தவணைக்கு முதல்நாள் அல்ல, இன்றைக்கே.

இனிப் பேப்பர். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வு பகிரங்கமானது, வளர்ந்த ஒருவரின் பெயரைப் போட்டு நடந்ததைச் சரியாக எழுதினால் தடுக்க வழியில்லை. குடும்ப உறவு, பாலியல் சம்பந்தமான விஷயங்கள் என்றால் நீதிபதி மற்றவர்களை வெளியேற்றலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியும்படி எதையும் பிரசுரித்தால், தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் வந்த 365சி பிரிவின்கீழ் இரண்டு வருடம் வரை சிறை. உங்கள் வழக்கு இதிலெல்லாம் வராது. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் "குற்றவாளி" என்று எவராவது எழுதினால் விடாதீர்கள். "மகன் கைது" என்று போட்டவர்கள் "மகன் விடுதலை" என்பதையும் அதே இடத்தில் போட வேண்டும் என்று ஆசிரியருக்கு எழுதுங்கள், அச்சுப் பத்திரிகை மறுத்தால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு. எங்கள் தொழிலில் வழக்கின் தொடக்கத்துக்கு ஓடுகிற வேகம் முடிவுக்கு இருப்பதில்லை, அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கேள்வி: நண்பனின் வழக்குக்குப் போனேன். பகிரங்க நீதிமன்றம்தானே, போனில் வீடியோ எடுத்தால் என்ன? - ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எடுக்காதீர்கள் தம்பி. காதால் கேட்கலாம், அப்புறம் நினைவில் உள்ளதை எழுதலாம், அனுமதியில்லாமல் கமராவைத் தூக்கினால் அது நீதிமன்ற அவமதிப்பு வரை போகும். உள்ளே செல்ஃபி எடுத்த ஒருவரின் போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டார்கள், நண்பனின் வழக்கு முடிந்து நண்பன் வீட்டுக்குப் போன பிறகும் இவர் அங்கேயே நின்றார்.